பிரெஞ்சு சி1 (உயர்நிலை) முடித்தும் பேச்சு செய்தி வாசிப்பது போல இருக்கிறதே, எதை மாற்றுவது?

கேள்வி: இலக்கணம் சரியாக வருகிறவர்கள்கூட சக ஊழியர்களோடு மதியச் சாப்பாட்டில் பேசும்போது புத்தகம் போலவே பேசுகிறார்கள். கொச்சைச் சொற்கள் பழகினால் போதுமா?

பதில் 1: கொச்சை கடைசியில் பார்க்கலாம், முதலில் எதிர்மறையில் 'பா'வோடு சேர்ந்து வரும் 'நெ'யை விடுங்க. 'ஜெ நெ சே பா' (எனக்குத் தெரியவில்லை) என்பது 'ஜெ சே பா' ஆகி, பிறகு 'ஷே பா' ஆகும். நம்ம 'தெரியவில்லை' 'தெரில' ஆகிற மாதிரிதான். 'ஷே'யைத் தனிச்சொல்லாக மனப்பாடம் செய்யாதீங்க. 'ஜெ'யின் உயிர் விழுந்ததும் ஜகரம் அடுத்த ஸகரத்தோடு ஒட்டி அதிர்வை இழக்கிறது, அவ்வளவுதான்.

சிக்கல் வருகிற இடம் 'ப்ளு'. 'நெ' போனபின் அர்த்தம் முழுக்கக் கடைசி ஒலியில் நிற்கும். சாப்பாட்டு மேசையில் 'ஜான் வெ ப்ளு' என்றால் இனி வேண்டாம். 'ஜான் வெ ப்ளுஸ்' என்றால் இன்னும் வேண்டும். அந்த 'ஸ்' தவறினால் தட்டு காலியாகவே இருக்கும்.

பதில் 2: அடுத்தது, 'நாம்' என்பதற்கு 'நூ'வுக்குப் பதில் 'ஒன்'. வினை ஒருமையில் வரணும்: 'நூ ஸலோன்' (நாம் போகிறோம்) போய் 'ஒன் வா'. பழைய விகுதியை விடாமல் 'ஒன் அலோன்' என்பவர்கள் நிறைய. ஆனால் 'நம்முடைய' என்பதற்கு 'நோத்ர்'தான், அது மாறாது.

லியேசோனையும் (சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லின் உயிரோடு ஒட்டி ஒலிப்பது) ஒரேயடியாக வெட்டாதீங்க. 'பா ஸான்கோர்' (இன்னும் இல்லை) என்பதை 'பா ஆன்கோர்' என்று விடலாம். 'லே ஸாமி'யில் (நண்பர்கள்) விட்டால் பிழை.

கேட்டவர்: 'வூ' (நீங்கள்) போட்டுப் பேசும் மேலாளரிடம் இதெல்லாம் மரியாதைக் குறைவு ஆகாதா?

பதில் 3: இங்கேதான் பலர் குழம்புவது. 'வூ' மரியாதைக்கு, 'நெ' நடைக்கு; இரண்டும் வேறு. 'வூ சாவே பா?' (உங்களுக்குத் தெரியாதா?) என்று மேலாளரிடம் கேட்பது சாதாரணம். உறுத்துவது, அவரிடம் 'வூ' சொல்லிவிட்டு நடுவில் 'மெக்' (ஆள் என்பதற்கான கொச்சை) என்று போடுவது. தலைகீழும் உண்டு: 'தூ' (நீ) போடும் நண்பரிடம் 'ஊ வா தூ?' (எங்கே போகிறாய்?) என்றால் விறைப்பு. 'தூ வா ஊ?' போதும். 'தூ'வுக்கு மாறுவதை மேலாளரே தொடங்கட்டும்.

டால்ஃப் (பிரெஞ்சு உயர்நிலைச் சான்றிதழ்) வாய்மொழித் தேர்வின் எக்ஸ்போஸே (தனியாக எடுத்துரைக்கும்) பகுதியில் மட்டும் 'நெ'யை வைத்துக்கொள்ளுங்க.