ஆப்பிரிக்காவுல நெட் வளர்ந்துச்சா, டவர் மட்டும் வளர்ந்துச்சா?

தாருஸ்ஸலாம் ரிட்டர்ன்:
நேத்து இங்க ஒருத்தர், ஆப்பிரிக்காவுல நூத்துக்கு 38 பேர்தான் நெட் யூஸ் பண்றாங்க, இதைப் போய் வளர்ச்சின்னு சொல்லாதீங்கன்னு எழுதியிருந்தாரு. 38 சரிதான், 2024க்கு ஐ.நா.வோட தொலைத்தொடர்பு அமைப்பு ஐடியு கொடுத்த கணக்கு, உலகம் மொத்தத்துக்கும் 68. ஆனா எங்க இருந்து வந்து 38ல நிக்குறாங்கன்னு பார்க்கணும்ல? நான் 2007ல தான்சானியாவோட பெரிய ஊரான தாருஸ்ஸலாமுக்குப் போனேன், ஒரு டிரேடிங் கம்பெனியில அக்கவுண்ட்ஸ். மொட்டை மாடியில சாட்டிலைட் டிஷ், அந்த ஒரே லைன்ல இருபது பேர், மழை பெய்ஞ்சா அதுவும் போயிரும், மாசக் கடைசியில ஒரு எக்செல் ஃபைலை மும்பைக்கு அனுப்ப ராத்திரி எட்டு மணி வரைக்கும் உக்காந்திருப்பேன். கென்யா, தான்சானியா, மொசாம்பிக்னு அந்தக் கரையோரத்துக்கே கடலடி கேபிள் ஒண்ணுகூட கிடையாது. 2009 ஜூலையில சீகாம் கேபிள் வந்துச்சு, அடுத்த வருஷமே ஈஸி கேபிள். மூணு நாலு வருஷத்துல டாலா டாலா மினி பஸ்ல கண்டக்டர் பையன் வாட்ஸ்அப் பார்த்துட்டு வர்றான். இதை நான் கண்ணால பார்த்தேன்.

ரிக்கு வண்டி:
அண்ணா நான் திருச்செங்கோடுங்க, போர் போடற வண்டியோட தான்சானியா உள்நாட்டுல மூணு வருசம் சுத்துனவன், சிங்கிடா, தபோரா பக்கமெல்லாம். நீங்க சொல்றது கடலோரத்து டவுன் கதைங்க. நாங்க போர் போட்ட ஊருல டவர் இருக்குதுங்க, என்ற போன்ல பாயிண்ட் ஃபுல்லா காட்டும். ஆனா ஊருக்காரங்க கையில பட்டன் போன்தான். கரண்டு கிடையாது, சோலார் பலகை வெச்ச கடையில காசு குடுத்து சார்ஜ் ஏத்தோணும், பட்டன் போன்னா நாலஞ்சு நாளு தாங்கும், டச் போன வாங்குனா தெனமும் கடைக்கு நடக்கோணும், தெனமும் காசு. அப்பறம் பண்டோ வாங்க வேற காசு, அங்க டேட்டா பேக்கை அப்பிடித்தான் சொல்லுவாங்க. எவன் வாங்குவான் சொல்லுங்க?

மெரினா காத்து:
ரிக்கு அண்ணே சொல்றதுக்கு கணக்கே இருக்கு. மொபைல் கம்பெனிகளோட சங்கம் ஜிஎஸ்எம்ஏ 2023க்கு சொன்னது, சஹாராவுக்குத் தெக்க இருக்குற நாடுகள்ல நூத்துக்கு 27 பேர்தான் மொபைல்ல நெட் யூஸ் பண்றாங்க, 60 பேர் சிக்னல் இருந்தும் யூஸ் பண்ணாதவங்க, சிக்னலே எட்டாதவங்க 13 பேர்தான். அப்போ டவர் பத்தலைங்குறது இல்ல பிரச்சினை, விலைதான். 2016ல இங்க ஜியோ வந்து விலையை உடைச்ச மாதிரி அங்க ஒருத்தன் வந்தா முடிஞ்சுது.

தாருஸ்ஸலாம் ரிட்டர்ன்:
தம்பி, ஜியோவுக்கு ஒரே நாடு, ஒரே ஒழுங்குமுறை ஆணையம், நூறு கோடிக்கு மேல ஜனம். அங்க 54 நாடு, அதுல 16 நாட்டுக்குக் கடலே கிடையாது, உகாண்டாவுக்கு ஃபைபர் வரணும்னா கென்யாவையோ தான்சானியாவையோ தாண்டித்தான் வரணும், ஒவ்வொரு எல்லையிலயும் லைசென்ஸ், கட்டணம். ஆனாலும் விலை இறங்கவே இல்லைன்னு சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவுல ஜனங்க டேட்டா விலை குறையணும்னு பல வருஷம் குரல் கொடுத்தாங்க, 2019 டிசம்பர்ல, கம்பெனிங்களுக்குள்ள நியாயமான போட்டி இருக்கான்னு பார்க்குற அங்கத்த ஆணையம் ரெண்டு பெரிய மொபைல் கம்பெனியையும் விலையைக் குறைங்கன்னு சொல்லிருச்சு, 2020 ஏப்ரல்ல அதுல ஒண்ணான வோடாகாம் 1 ஜிபியை 149 ராண்டுல இருந்து 99க்கு இறக்குனாங்க.

ஏரிக்கரை கம்பாலா:
விலையை கம்பெனி குறைச்சாலும் கவர்மெண்ட் ஏத்துதே, அதை யாரும் பேசலையே. நான் இங்க உகாண்டாவுல பத்து வருஷமா இருக்கேன். 2018 ஜூலையில இருந்து வாட்ஸ்அப், ஃபேஸ்புக் திறக்கணும்னா ஒரு நாளைக்கு 200 ஷில்லிங் வரி, பணக்காரனுக்கும் 200 காய்கறி விக்குற அம்மாவுக்கும் 200. சில மாசத்துலயே லட்சக்கணக்கான பேர் நெட்டை விட்டுட்டாங்க. 2021 ஜூலையில அதை எடுத்துட்டு டேட்டா மேலயே 12 சதவீதம் போட்டாங்க. அதே வருஷம் ஜனவரியில தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் நாடு முழுக்க நெட்டை ஆஃப் பண்ணிட்டாங்க, அஞ்சு நாள். நான் வீட்டுல மாவு அரைச்சு வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து போடா போடான்னு இங்க சொல்ற பைக் டாக்சிக்காரங்க கிட்ட கொடுத்து அனுப்புறவ, அந்த அஞ்சு நாளும் அரைச்ச மாவு புளிச்சுப் போச்சு, எனக்கும் வருமானம் இல்ல, பைக் ஓட்டுற பையனுக்கும் இல்ல. கேமரூன்ல 2017ல ஆங்கிலம் பேசுற பகுதிக்கு மட்டும் 93 நாள் நிறுத்துனாங்க, புவேயா ஊர்ல சாஃப்ட்வேர் கம்பெனி வெச்சிருந்த பசங்க லேப்டாப்பைத் தூக்கிட்டு பக்கத்து ஊருக்குப் போய் வேலை பார்த்தாங்க. ஒரு சுவிட்ச்சுல அணைக்கிறதை வளர்ச்சின்னு எப்படி நம்புறது?

தாருஸ்ஸலாம் ரிட்டர்ன்:
அம்மா உங்க நஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா அணைச்சா இவ்வளவு பேருக்கு வலிக்குதுன்னா அது அந்த அளவுக்கு வாழ்க்கைக்குள்ள வந்துருச்சுன்னுதானே அர்த்தம்? 2005ல அணைச்சிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? ரிக்கு தம்பிக்கும் ஒண்ணு சொல்றேன், பட்டன் போன் வெச்சிருக்குறவன் ஒண்ணும் வெளிய நிக்கலை. 2007 மார்ச்ல கென்யாவுல எம்-பெசா வந்துச்சு, அடுத்த வருஷம் தான்சானியாவுக்கும் வந்துச்சு, பேங்க் வாசலையே மிதிக்காதவன் போன்லயே ஊருக்குக் காசு அனுப்புறான்.

ரிக்கு வண்டி:
எம்-பெசா நெட்டு இல்லீங்களே அண்ணா. அது சிம்முல இருக்கற மெனு, நெம்பர் அமுக்குனா போதும், டேட்டாவே வேண்டாமுங்க. நானே என்ற ஹெல்பர் பசங்களுக்கு கூலி அதுலதான் போடுவேன், நல்ல சமாச்சாரந்தான், ஆனா அதை நெட்டு கணக்குல சேத்தாதீங்க.

மெரினா காத்து:
இது சரியான பாயிண்ட். அப்புறம் கேபிளையே நம்பவும் முடியலையே, 2024 மார்ச்ல ஐவரி கோஸ்ட் பக்கத்துல ஒரே நாள்ல நாலு கேபிள் அறுந்து மேற்கு ஆப்பிரிக்கா பாதி முடங்குச்சு. மே மாசம் ஈஸியும் சீகாமும் அறுந்து தான்சானியா.

தாருஸ்ஸலாம் ரிட்டர்ன்:
அதுக்குத்தான் இன்னும் நிறைய கேபிள் வேணும்ங்குறேன். எம்-பெசா விஷயத்துல தம்பி சொல்றது சரி, நான் கலந்து பேசிட்டேன். ஆனா கிராமத்துக்காரனுக்கு எம்-பெசாவே போதும், நெட் இல்லாம அவனுக்கு என்ன குறைன்னு கேக்குறவங்களும் இருக்காங்க.

ரிக்கு வண்டி:
குறை இருக்குதுங்க. எங்ககூட வேலை செஞ்ச உள்ளூரு பெரியவரு ஒருத்தரு, அவரு புள்ள ஃபார்ம் ஃபோர் பரிச்சை எழுதியிருந்துச்சு, நம்ம பத்தாங்கிளாஸ் மாதிரி பெரிய பரிச்சை. ரிசல்ட் நெட்டுல போடுவாங்க. வந்து மூணு நாளாச்சு, டவுனுக்குப் போக பஸ்சு காசில்லாம அந்தப் புள்ளைக்குப் பாஸா ஃபெயிலான்னே தெரியல. டவர் அவங்க வீட்டுக்குப் பின்னாடி நிக்குது. பெரியவரு கூச்சப்பட்டுட்டே நெம்பரை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொண்டாந்து குடுத்தாரு, என்ற போன்லதான் போட்டுப் பாத்தோம். பாஸுங்க.

ஏரிக்கரை கம்பாலா:
இது எந்த வருஷம் தம்பி?

ரிக்கு வண்டி:
2022ங்க்கா.