நீர்வளத்தில் முதுமாணி: மொறட்டுவையா, ஜெர்மனியா?

கிளிநொச்சிப் பெடியன்:
வணக்கம். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் குடிசார் பொறியியல் முடித்து, கொழும்பில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வடிகால் வடிவமைப்பு செய்கிறேன். வெள்ளவத்தையில் அறை. வேலையை விடாமல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நீர்வள முதுமாணி படிப்பதா, ஜெர்மனிக்கு விண்ணப்பிப்பதா? அப்பா, "உலகத் தரவரிசையில் மேலே இருக்கிறதை எடு" என்கிறார். பிறகு கலாநிதிப் பட்டமும் செய்ய ஆசை.

களனிக்கரை அக்கா:
தம்பி, தரவரிசை முழுப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்துப் போடுவது. உங்களுக்கு வேண்டியது ஆய்வுக்கு வழிகாட்டும் நல்ல மேற்பார்வையாளர். முதலில் கிரெடிட்டை, அதாவது படிப்பின் அளவைக் காட்டும் புள்ளியைப் பாருங்கள். பட்டங்களை மட்டம் மட்டமாகப் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 9ஆம் மட்டம் 30 கிரெடிட், பாடநெறி மட்டும். 10ஆம் மட்டம் 60 கிரெடிட், ஆய்வும் சேர்ந்தது. இரண்டுக்கும் பெயர் முதுமாணிதான். கலாநிதி எண்ணம் இருந்தால் ஆய்வுள்ளதையே எடுங்கள்.

நான் மொறட்டுவையில் பகுதிநேரமாகப் படித்தேன். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை வீட்டுச் சுவர்களில் பதிந்த சேற்றுக் கறையின் உயரத்தை அளந்து, களனி ஆற்றின் கணினி மாதிரியோடு ஒப்பிட்டேன். சனிக்கிழமை அளந்த இடத்து வடிகாலை திங்கட்கிழமை அலுவலகத்தில் வரைந்திருக்கிறேன். அது வெளிநாட்டில் கிடைக்காது. ஆனால் வார இறுதி போய்விடும். கலியாணம், திருவிழா எல்லாம் தவறும். வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

ஸ்டுட்கார்ட் வாசி:
இங்கே நீர்வளப் பொறியியல் முதுமாணி ஆங்கிலத்திலேயே நடக்கிறது. ஆனால் ஜெர்மனி முழுவதும் இலவசம் என்று நம்பி வராதீர்கள். ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்குகிறது. 2024 கடைசியில் விசாவுக்கு 11,904 யூரோ வங்கியில் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அதிலும் மாதம் 992 யூரோதான் எடுக்க முடிந்தது.

கிளிநொச்சிப் பெடியன்:
நன்றி அண்ணா. அக்கா, நல்ல மேற்பார்வையாளர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

களனிக்கரை அக்கா:
அவருடைய அண்மைக் கட்டுரைகளை எடுத்து, மாணவரின் பெயர் முதலாவதாக வருகிறதா என்று பாருங்கள். அவரிடம் படித்த இரண்டு பேரோடு கதையுங்கள். எழுதிக் கொடுத்த அத்தியாயத்தை எத்தனை நாளில் திருத்தித் தருகிறார் என்று கேளுங்கள். அப்புறம் அவருக்கு எழுதுங்கள். "உங்களிடம் படிக்க ஆசை" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. நீங்கள் வரைந்த வடிகால்களில், பெருமழை நேரம் எது உங்கள் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்பதை எழுதுங்கள். மொறட்டுவைக்கும் ஜெர்மனிக்கும் அதே கடிதம் போதும். யார் திருப்பிக் கேள்வி கேட்கிறாரோ அவரிடம் போங்கள்.