ஊர் வீட்டுக்கு அமலாக்கத்துறை சம்மன் வந்தால் செல்லுமா?

கோத்தகிரித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "ஃபெமாவில் (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) சம்மனுக்கென்று பிரிவே இல்லையாமே, நான் மெல்போர்னில் இருக்கிறேன், ஊர் வீட்டுக்கு வந்த சம்மன் என்னைக் கட்டுப்படுத்துமா?"

கட்டுப்படுத்தும் தம்பி. ஃபெமாவுக்கு முன்பு இருந்த 1973ஆம் ஆண்டு ஃபெரா சட்டத்தில் சம்மனுக்கென்றே 40ஆம் பிரிவு இருந்தது. 2000 ஜூனில் அமலுக்கு வந்த ஃபெமாவில் அப்படித் தனிப் பிரிவு கிடையாது. "செல்லாது" என்பவர்கள் இதை வைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் 37ஆம் பிரிவு, வருமான வரி அதிகாரிகளுக்கு உள்ள அதிகாரங்களை அமலாக்கத்துறைக்கும் தருகிறது. ஆளை வரவழைப்பது, சத்தியம் வாங்கி விசாரிப்பது, கணக்கு வழக்கைக் கேட்பது எல்லாம் அதில் அடக்கம். சம்மனை எதிர்த்து ஹைகோர்ட் போனாலும், "முதலில் போய்ப் பதில் சொல்லுங்கள்" என்பதுதான் வழக்கமான விடை.

அதற்காகக் கைதாகிவிடுவோமோ என்று அலற வேண்டாம். ஃபெமா அடிப்படையில் சிவில் சட்டம். சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். சம்மனில் எந்தச் சட்டம் என்று முதலில் பாருங்கள். பணமோசடித் தடுப்புச் சட்டம் என்றிருந்தால் கதையே வேறு, அன்றே வக்கீலைப் பிடியுங்கள். வீடியோ காலில் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டுபவன் திருடன், சந்தேகமே வேண்டாம். உண்மையான சம்மனில் இப்போது கியூஆர் கோடு வருகிறது, அமலாக்கத்துறை இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

நம் மலைக்காரர்கள் மாட்டுவது தேயிலை நிலத்தில். வேலைக்காக வெளிநாடு போனபின், அங்கே சம்பாதித்த காசில் பக்கத்து அரை ஏக்கர் தோட்டத்தைத் தன் பேரில் கிரயம் பண்ணுகிறார்கள். என்ஆர்ஐ விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. அப்பா வழியில் வந்ததையும், ஊரில் இருந்தபோது வாங்கியதையும் வைத்துக்கொள்ளலாம். விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான். அப்புறம், ஃபேக்டரி போடும் பச்சைத் தேயிலைப் பணம் பழைய சேவிங்ஸ் கணக்கிலேயே விழுந்துகொண்டிருக்கும். அந்தக் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்கு வைக்கும் கணக்கு) மாற்றியிருக்க வேண்டும். பேங்க் ஸ்டேட்மென்டைக் கேட்டால் அதுதான் முதலில் கண்ணில் படும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: அம்மாவிடம் சொல்லி, சம்மனோடு அது வந்த கவரையும் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லுங்கள், தபால் முத்திரைத் தேதி தெரியவேண்டும். குறித்த நாளுக்கு முன்பே, வெளிநாட்டில் இருப்பதைச் சொல்லி, விசா நகலோடு அவகாசம் கேட்டு எழுதுங்கள். அசல் பத்திரத்தை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம்.