சிமென்ட் மூட்டை தூக்கி இடுப்பு வலி, காலுக்கும் இறங்குகிறது

குடோன்தம்பி:
வயது 27. நான்கு வருடமாக சிமென்ட் கடையில் லோடு இறக்குகிறேன். 50 கிலோ மூட்டை, லாரியிலிருந்து தோளில் வாங்கி குடோனில் அட்டி போட (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க) வேண்டும். மூன்று வாரமாக இடது இடுப்பில் ஆரம்பிக்கிற வலி தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்குகிறது. காலையில் குனிந்து செருப்பு மாட்டவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, இருமினால் சுரீர் என்கிறது. தைலம் தேய்த்தேன், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன், இரண்டு நாள் அடங்கி மறுபடி வந்துவிட்டது. பெல்ட் போட்டால் சரியாகுமா? லீவு போட்டால் கூலி இல்லை.

மண்டிக்காரர்:
தம்பி, நான் அரிசி மண்டியில் 22 வருடம் மூட்டை சுமந்தவன். தோளில் ஏறின மூட்டையை விட தரையிலிருந்து எடுக்கிற மூட்டைதான் இடுப்பை வாங்கும். அதுவும் அட்டியின் அடி வரிசை போடும்போது காலை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பி இறக்குவோமே, எனக்கு அங்கேதான் பிடித்தது. அப்புறம் தரை மூட்டையை ஒற்றை ஆளாகத் தொடுவதே இல்லை, இறக்கும்போது முதலில் பாதத்தைத் திருப்புவேன். ஒரே தோளிலும் வாங்காதே, மாற்றி மாற்றி வாங்கு.

பிசியோ_மதுரை:
அண்ணன் சொன்னது சரி. குனிந்தபடி தூக்கும்போது மூட்டை உடம்பை விட்டுத் தள்ளிப் போகப் போக, கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் மேல் மூட்டையின் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தம் விழும். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனக் கணக்கில், எல்லாம் வசதியாக அமைந்தாலே ஓர் ஆள் தூக்க 23 கிலோதான் வரம்பு. அதனால் முறையாகத் தூக்கினால் மட்டும் போதாது, கடையில் டிராலி கேளுங்கள்.

வலி காலுக்கு இறங்குவதும் இருமினால் சுரீர் என்பதும் நரம்பு அழுத்தப்படுகிறது என்று சந்தேகிக்க வைக்கிறது. பெல்ட்டை நம்பி அதே எடையைத் தூக்காதீர்கள், எலும்பு டாக்டரைப் பாருங்கள். படுத்தே கிடக்கவும் வேண்டாம், முடிந்த அளவு நடங்கள். சிறுநீர் போக முடியாமல் போனாலோ, பிட்டமும் தொடை இடுக்கும் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வேலை முடிந்து எப்படி உட்காருகிறீர்கள்?

குடோன்தம்பி:
சுவரில் சாய்ந்து முதுகை வளைத்து இரண்டு மணி நேரம் போன் பார்ப்பேன், எழும்போதுதான் வலி அதிகம். நீங்கள் சொன்ன மூன்றும் இல்லை. ஆனால் கால் கட்டைவிரல் பக்கம் லேசாக மரத்திருக்கிறது. திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன்.

மண்டிக்காரர்:
அந்த மரத்துப்போவதை டாக்டரிடம் மறக்காமல் சொல். திங்கள் வரைக்கும் மூட்டையைத் தொடாதே தம்பி, ஓனரிடம் பில் எழுதுகிற வேலையாவது கேட்டுப் பார்.