ஒரே நிறுவலில் பல டொமைன்கள்: வெவ்வேறு வாடிக்கையாளர்களின் தளங்களை ஒன்றாகச் சேர்க்கலாமா?

கெடிலக்கரை (கடலூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் சிறு வணிகர்களுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுத்து, ஆண்டுக் கட்டணத்தில் அவற்றைப் பராமரித்தும் வருகிறேன். எல்லாமே வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் இயங்கும் தளங்கள். எல்லாமே நான் வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரே சர்வரில் இருந்தாலும், தனித்தனி நிறுவல்களாக, தனித்தனி டேட்டாபேஸுடன் இயங்குகின்றன.

பண்ருட்டி முந்திரி வணிகர் ஒருவருக்கு இரண்டு விற்பனைத் தளங்கள் உள்ளன: ஒன்று பண்ருட்டிக் கிடங்கிற்கு, மற்றொன்று புதுச்சேரி நேரு வீதியில் உள்ள கடைக்கு. திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மூன்று பள்ளிகளுக்கு மூன்று தளங்கள். புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு விருந்தினர் இல்லம் பிரெஞ்சுக்கு ஒரு டொமைன் (இணைய முகவரிப் பெயர்), ஆங்கிலத்துக்கு ஒரு டொமைன் என வைத்திருக்கிறது. இவை தவிர, சிதம்பரத்தில் ஒரு தங்கும் விடுதி, கடலூர் முதுநகரில் படகு எஞ்சின் உதிரிபாகக் கடை, இன்னும் சில சிறிய தளங்கள்.

ஒரு பிளகினுக்கு (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) பாதுகாப்புத் திருத்தம் வந்தால், ஒவ்வொரு தளத்திலும் தனியாக லாகின் செய்து புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. ஏதாவது ஒரு தளம் விடுபட்டுப் போகுமோ என்ற கவலை எப்போதும் இருக்கிறது. மல்டிசைட் முறையில் எல்லாவற்றையும் ஒரே நிறுவலுக்குள் கொண்டுவந்து, டொமைன்களை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். வாடிக்கையாளர்கள் வெவ்வேறு ஆட்களாக இருக்கும்போது இது முறையாகுமா? நாளை ஒருவர் வேறு ஆளிடம் பராமரிப்பை ஒப்படைக்க விரும்பினால் அவருடைய தளத்தை மட்டும் பிரித்துக் கொடுக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி) பதில்:

வணக்கம் நண்பரே. நீங்கள் கேட்டிருப்பது தொழில்நுட்பக் கேள்வியைப் போலத் தோன்றினாலும், அதற்கான விடை யாருக்கு எது சொந்தம் என்பதில்தான் இருக்கிறது. ஒரே உரிமையாளரின் தளங்களை ஒரே நிறுவலில் வையுங்கள். வெவ்வேறு உரிமையாளர்களின் தளங்களை ஒருபோதும் ஒன்றாக்காதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முன்பு வேர்ட்பிரஸ் எம்யூ என்று தனியாக இருந்த மென்பொருள், 2010இல் வெளிவந்த 3.0 பதிப்பில் மூல மென்பொருளோடு இணைக்கப்பட்டு மல்டிசைட் ஆனது. தனி டொமைனைப் பொருத்துவதற்கு அப்போது தனிப் பிளகின் தேவைப்பட்டது. 2016இல் வந்த 4.5 பதிப்பு முதல் அதுவும் தேவையில்லை. நெட்வொர்க் அட்மின் (எல்லாத் தளங்களையும் ஒன்றாக நிர்வகிக்கும்) பகுதியில் குறிப்பிட்ட தளத்தைத் திறந்து, முகவரிப் பெட்டியில் புதிய டொமைனை எழுதிச் சேமித்தால் போதும். அந்த டொமைனின் ஏ ரெக்கார்டு (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) உங்கள் சர்வரைக் காட்ட வேண்டும், சர்வரும் அந்தப் பெயரை அதே கோப்புறைக்கு அனுப்ப வேண்டும். சிபேனல் என்ற சர்வர் நிர்வாகக் கருவி வைத்திருந்தால் அந்த டொமைனை ஏலியாஸ் (அதே கோப்புறைக்கான மாற்றுப் பெயர்) டொமைனாகச் சேர்ப்பது வழக்கம்.

டேட்டாபேஸ் ஒன்றுதான். அதற்குள் ஒவ்வொரு தளத்துக்கும் பத்து அடிப்படை அட்டவணைகள், அந்தத் தளத்தின் எண்ணைப் பெயரில் தாங்கித் தனியாக உருவாகின்றன. பதிவுகளும் அமைப்புகளும் பின்னூட்டங்களும் அவற்றில் சேர்கின்றன. படங்கள் அப்லோட்ஸ் கோப்புறைக்குள் சைட்ஸ் என்ற உட்கோப்புறையில் எண்வாரியாகப் பிரிந்து நிற்கின்றன. ஆனால் பயனர் அட்டவணை மட்டும் எல்லாத் தளங்களுக்கும் பொது. முந்திரி வாங்கக் கணக்குத் தொடங்கியவரின் பெயரும் மின்னஞ்சலும், எஞ்சின் உதிரிபாகக் கடையின் வாடிக்கையாளர் பெயரும் அதே அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளாக உட்காரும். ஒரு கடையில் வைத்த கடவுச்சொல்லைக் கொண்டு இன்னொரு கடையிலும் லாகின் செய்ய முடியும். அந்த மனிதருக்கு இது ஏன் என்றே புரியாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தம் வாடிக்கையாளர் தரவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் அந்தந்த வணிகர்தான். ஒருவர் பொறுப்பில் உள்ள தரவை மற்றொருவர் தரவோடு ஒரே அட்டவணையில் கலப்பது, கேட்டால் பதில் சொல்ல முடியாத நிலையில் உங்களையும் அவர்களையும் நிறுத்திவிடும்.

ஆகவே பள்ளிகள் மூன்றும் ஒரு மல்டிசைட், விருந்தினர் இல்லத்தின் இரு மொழித் தளங்களும் ஒரு மல்டிசைட் என அமைக்கலாம். முந்திரி வணிகருக்கும் அப்படியே. அவருக்குப் பண்ருட்டியில் தமிழ்நாட்டுப் பதிவாக 33இல் தொடங்கும் ஜிஎஸ்டி எண்ணும், புதுச்சேரியில் 34இல் தொடங்கும் எண்ணும் இருக்கும். பண்ருட்டியிலிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினால் அது மாநிலம் கடந்த விற்பனை, ஐஜிஎஸ்டி போட வேண்டும். நேரு வீதிக் கடையிலிருந்து அதே ஊருக்குள் அனுப்பினால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. வரி அமைப்புகள் தளவாரியான அட்டவணைகளில்தான் சேமிக்கப்படுகின்றன என்பதால், ஒரே நிறுவலில் இருந்தாலும் இவை ஒன்றோடொன்று குழம்பா. மற்றவர்கள் அனைவரும் இப்போது இருப்பதுபோல் தனித்தனியாகவே இருக்கட்டும்.

உப்பனாறு (கடலூர்) பதில்:

முத்தியால்பேட்டை அவர்கள் சொன்ன அளவுகோலை ஏற்கிறேன். ஆனால் ஒரே உரிமையாளர் என்றாலும் நான் தயங்குவேன். மல்டிசைட் என்பது ஒரே மின்மீட்டரில் பல குடித்தனங்களை வைப்பதைப் போன்றது: ஒரு வீட்டில் ஃபியூஸ் போனால் எல்லா வீடும் இருட்டு. ஒரு பிளகினின் புதிய பதிப்பு முந்திரி வணிகரின் புதுச்சேரித் தளத்தில் மட்டும் பில் போடும் பகுதியைக் கெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தளத்தை மட்டும் பழைய பதிப்புக்குத் திருப்ப வழியில்லை, ஏனெனில் பிளகின் கோப்பு ஒன்றே ஒன்றுதான். ஒரு தளத்தின் வழியாக யாராவது உள்ளே புகுந்து கோப்புகளில் கை வைத்தால், எல்லாத் தளங்களும் அந்தக் கணமே பாதிக்கப்படும்.

கெடிலக்கரை அவர்களின் உண்மையான சிரமம் புதுப்பிக்கும் வேலைதான். அதற்குத் தளங்களை இணைக்க வேண்டிய அவசியமே இல்லை. டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கட்டளைக் கருவியைச் சர்வரில் நிறுவி, ஒவ்வொரு தளத்தின் கோப்புறைக்குள்ளும் வரிசையாகச் சென்று முதலில் பேக்கப் எடுத்து, பிறகு புதுப்பித்து, முகப்புப் பக்கம் சரியாகத் திறக்கிறதா என்றும் பார்க்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிவிட்டால், எந்தத் தளமும் விடுபடாது. அது இரவில் தானாக ஓடி, காலையில் உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும். நம் ஊரில் இது வசதிக்காக மட்டும் சொல்வதல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகு கடலூரில் மின்சாரம் எத்தனை நாள் இல்லாமல் இருந்தது என்பதை இங்குள்ள எல்லாரும் அறிவோம். சர்வர் வேறு ஊரில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க வேண்டிய ஆளுக்கு இணையம் இருக்காது. அப்படிப்பட்ட நாளில், தன்னால் இயங்கும் வேலைகளும், ஒன்றையொன்று சாராத தளங்களும்தான் கைகொடுக்கும்.

நிரலை மட்டும் பொதுவாக வைத்துத் தரவைத் தனியாக வைக்க வேண்டுமென்றால், ட்ருபல் என்ற மற்றொரு இணையதள மென்பொருள் அந்த வழியில் அமைந்தது. அதில் சைட்ஸ் கோப்புறைக்குள் ஒவ்வொரு டொமைனுக்கும் தனி அமைப்புக் கோப்பும், வழக்கமாகத் தனி டேட்டாபேஸும் உண்டு. ஆனால் ஏற்கெனவே வேர்ட்பிரஸில் ஓடும் தளங்களை அதற்காக மாற்றுவது வீண் உழைப்பு.

கெடிலக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. பள்ளிகளுக்கு மட்டும் ஒரு சோதனை மல்டிசைட் அமைத்துப் பார்த்தேன். மூன்று பள்ளிகளுக்கும் ஒரே தீம், ஒரே ஆண்டு நாட்காட்டி, ஒரே அலுவலகம் என்பதால் அது பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் மூன்று சிக்கல்கள் எழுந்தன. ஒரு பள்ளியின் அலுவலர் தொடர்பு பக்கத்தில் கூகுள் மேப்பின் நிரல் துணுக்கை ஒட்டிச் சேமித்தால் அது மறைந்துவிடுகிறது. நான் ஒட்டினால் நிற்கிறது. விளையாட்டு விழாப் படங்களை அவர்களால் ஏற்ற முடியவில்லை. தனி டொமைனில் லாகின் செய்ய முயன்றால், குக்கீ (லாகினை நினைவில் வைக்க பிரவுசரில் சேமிக்கப்படும் சிறு தரவு) தடுக்கப்பட்டுள்ளது என்ற செய்தி வருகிறது. தளத்தைப் பாதுகாப்பான இணைப்பில் (https) திறக்க உதவும் சான்றிதழ் விஷயத்திலும் எல்லா டொமைன்களுக்கும் சேர்த்து ஒன்றே வாங்கலாமா என்று தெரிய வேண்டும்.

லாஸ்பேட்டை (புதுச்சேரி) பதில்:

வணக்கம். மேப் மறைவது பிழையல்ல, வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. மல்டிசைட்டில் வடிகட்டப்படாத நிரலை எழுதும் உரிமை சூப்பர் அட்மினுக்கு (நெட்வொர்க் முழுவதையும் நிர்வகிப்பவர், இங்கே நீங்கள்) மட்டுமே உண்டு. தளத்தின் அட்மின் சேமிக்கும்போது ஐஃப்ரேம், ஸ்கிரிப்ட் போன்றவை நீக்கப்படும். நீங்கள் ஒட்டிய மேப்பும், அதே பக்கத்தைப் பள்ளி அலுவலர் பிறகொரு நாள் திருத்திச் சேமித்தால் காணாமல் போகும் என்பதைக் கவனியுங்கள். இதற்காக அவர்களைச் சூப்பர் அட்மின் ஆக்கிவிடாதீர்கள். அந்த உரிமை எல்லாப் பள்ளிகளின் தளங்களையும் திறந்துவிடும். ஷார்ட்கோடு (சதுர அடைப்புக்குள் எழுதும் சிறு குறியீடு) வழியாக மேப் காட்டும் பிளகின் ஒன்றை நெட்வொர்க் முழுவதும் இயக்கிவிடுங்கள்.

படங்கள் ஏறாததற்குக் காரணம், நெட்வொர்க் அமைப்புகளில் ஒரு கோப்புக்கான உச்ச அளவு 1500 கேபி என்று தொடக்கத்திலேயே இருப்பது. இன்றைய கைபேசிப் படம் ஒன்றே அதைத் தாண்டிவிடும். அந்த எண்ணை உயர்த்துங்கள். பிடிஎஃப், வீடியோ போன்ற எந்தக் கோப்பு வகைகளுக்கு அனுமதி என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. குக்கீ சிக்கலுக்கு, கான்ஃபிக் கோப்பில் குக்கீ டொமைன் என்ற மாறிலி முதன்மை டொமைனில் நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வந்திருக்கும் டொமைனையே அது எடுத்துக்கொள்ளும்படி மாற்றினால் லாகின் சரியாகும். ஒரு டொமைனில் லாகின் செய்தவர் அடுத்த டொமைனுக்குப் போனால் மறுபடியும் லாகின் செய்யத்தான் வேண்டும். ஒரு டொமைனின் குக்கீயை பிரவுசர் இன்னொரு டொமைனுக்குக் கொடுக்காது என்பதால் இதை வேர்ட்பிரஸின் குறையாகக் கருத வேண்டாம்.

சான்றிதழைப் பொறுத்தவரை, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் வழங்கும் அமைப்பு ஒரே சான்றிதழில் 100 பெயர்கள் வரை அனுமதிக்கிறது. இருந்தாலும் டொமைனுக்கு ஒன்றாகத் தனித்தனியே வாங்குங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். புதுப்பிக்கும்போது பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் சரிபார்க்கப்படும். ஒரு டொமைனின் ஆண்டுக் கட்டணம் கட்டப்படாமல் காலாவதியாகியிருந்தாலோ, அதன் டிஎன்எஸ் (டொமைனை சர்வரோடு இணைக்கும் பதிவுகள்) வேறு எங்கோ மாற்றப்பட்டிருந்தாலோ, அந்த ஒரு பெயருக்காக மற்ற எல்லாப் பெயர்களின் புதுப்பித்தலும் நின்றுவிடும். அதோடு, பொதுச் சான்றிதழைத் திறந்து பார்க்கும் எவருக்கும் உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் தெரியும். எஸ்என்ஐ (கேட்கப்படும் டொமைன் பெயருக்கு ஏற்ற சான்றிதழைத் தேர்ந்தெடுக்கும்) வசதியால் ஒரே ஐபி முகவரியில் எத்தனை சான்றிதழ்களையும் வைக்கலாம், எனவே தனித்தனியாக வாங்குவதில் எந்த இடையூறும் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். நேரம் குறித்து வெளியிடும் பதிவுகள் போன்ற பின்னணி வேலைகள் தளவாரியாக ஓடுபவை. சர்வரின் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் வசதி) முதன்மைத் தளத்தை மட்டும் அழைத்தால், பார்வையாளர் குறைந்த சிறிய பள்ளியின் தேர்வு அறிவிப்பு குறித்த நேரத்தில் வெளியாகாமல் கிடக்கும். எல்லாத் தள முகவரிகளையும் பட்டியலிட்டு ஒவ்வொன்றையும் அழைக்கும்படி கிரானை அமைக்க வேண்டும்.

முத்தியால்பேட்டை:

உப்பனாறு அவர்களின் ஸ்கிரிப்ட் யோசனை தனித்தளங்களுக்கு மிகச் சரியான வழி. பள்ளிகளுக்கு மட்டும் மல்டிசைட், மற்றவர்களுக்கு அந்த ஸ்கிரிப்ட் என்று கெடிலக்கரை அவர்கள் முடிவு செய்தால் நானும் அதையே ஆதரிப்பேன். முந்திரி வணிகர் விஷயத்தில், பில் கெடும் அபாயத்தை நினைத்துப் பார்க்கும்போது, அவருடைய இரண்டு தளங்களையும் பிரித்தே வைத்துவிடலாம் என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது.

பிரித்துக் கொடுப்பது பற்றி முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நாளை அறக்கட்டளை ஒரு பள்ளியை வேறு நிர்வாகத்திடம் ஒப்படைத்தால் அது தேவைப்படும். முடியும், ஆனால் வேலை உண்டு. வேர்ட்பிரஸின் சாதாரண ஏற்றுமதிக் கோப்பு பதிவுகளையும் பக்கங்களையும் கொண்டுபோகும். தள அமைப்புகள் அதில் வராது. முழுமையாகப் பிரிக்க, அந்தத் தளத்தின் எண்ணைத் தாங்கிய எல்லா அட்டவணைகளையும், பொதுப் பயனர் அட்டவணையிலிருந்து அந்தத் தளத்தில் பொறுப்பு உடையவர்களை மட்டும் எடுக்க வேண்டும். புதிய இடத்தில் அட்டவணைகளின் முன்னொட்டை மாற்றும்போது, அமைப்பு அட்டவணைக்குள் பயனர் பொறுப்புகளைக் குறிக்கும் வரியின் பெயரிலும், பயனரின் உரிமைகளைக் குறிக்கும் வரியின் பெயரிலும் அதே முன்னொட்டு இருப்பதை மாற்ற மறந்தால், லாகின் ஆகும். ஆனால் எந்தப் பக்கத்தையும் திறக்க அனுமதி இல்லை என்று சொல்லும். படங்களின் பாதையில் உள்ள சைட்ஸ், எண் ஆகியவற்றை நீக்குவதற்கு டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி மாற்றும் கட்டளையையே பயன்படுத்துங்கள். நேரடியாக டேட்டாபேஸில் மாற்றினால், எழுத்து எண்ணிக்கையோடு சேர்த்துச் சேமிக்கப்பட்ட அமைப்புகள் உடைந்துபோகும்.

டொமைன் எப்போதும் பள்ளியின் பெயரிலேயே, அவர்களுடைய மின்னஞ்சலிலேயே பதிவாகியிருக்கட்டும். மாற்றும் நாளுக்கு முன்பே ஏ ரெக்கார்டின் டிடிஎல் நேரத்தை (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) குறைத்துவிடுங்கள். மாற்றும்போது ஏ ரெக்கார்டை மட்டும் தொடுங்கள். நேம்சர்வரையே (டொமைனின் எல்லாப் பதிவுகளையும் வைத்திருக்கும் சர்வர்) மாற்றினால் எம்எக்ஸ் ரெக்கார்டு (மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) விடுபட்டுப் பள்ளியின் மின்னஞ்சல் நின்றுபோக வாய்ப்புண்டு. சேர்க்கை விண்ணப்பப் படிவத்தை அந்த நேரத்தில் மூடி வையுங்கள், இல்லையென்றால் சிலருடைய விண்ணப்பம் பழைய டேட்டாபேஸில் தங்கிவிடும். டிடிஎல் நேரம் முழுவதும் கடந்த பிறகு பழைய தளத்தை நீக்காமல் ஆர்க்கைவ் நிலைக்கு (தளம் மூடப்படும், தரவு அப்படியே இருக்கும்) மாற்றி, புதிய இடத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பள்ளி எழுத்தில் உறுதி செய்த பின்னரே அழியுங்கள். நீக்கும் பொத்தானை அழுத்தினால் அட்டவணைகளும் படங்களும் அங்கேயே போய்விடும்.