ஐரிஷில் 'ஷான்': இலக்கணம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சில மாதங்களாக ஐரிஷ் மொழியைத் தனியாகப் படித்து வருகிறேன். 'பழைய' என்று பொருள்படும் 'ஷான்' என்ற பெயரடையில் சிக்கிக்கொண்டேன்.

ஐரிஷில் பெயரடை பொதுவாகப் பெயருக்குப் பின்னால்தான் வரும். 'ட்யாக்' என்றால் வீடு, 'ட்யாக் மோர்' என்றால் பெரிய வீடு. ஆனால் 'ஷான்' நம் தமிழ்போல முன்னால் வந்து பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. அதோடு அடுத்த எழுத்தின் ஒலியையும் மென்மையாக்குகிறது. 'ஃபொக்கல்' என்றால் சொல். முன்னால் 'ஷான்' சேர்ந்தால் ஃப ஒலியே மறைந்து 'ஷானொக்கல்' ஆகிவிடுகிறது. பொருள் என்ன தெரியுமா? பழமொழி! அதைப் பார்த்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வேர் ஓரளவு புரிகிறது. பழைய ஐரிஷில் 'ஷென்', லத்தீனில் 'செனெக்ஸ்', சமஸ்கிருதத்தில் 'சன', எல்லாம் ஒரே குடும்பம்.

சரி, என் சந்தேகம் இதுதான். ட, த, ச வரிசை எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் மட்டும் 'ஷான்' முன்னால் வந்தாலும் மாறுவதில்லை. பழைய வீடு 'ஷான்ட்யாக்' தான். ஐரிஷின் உறவு மொழியான ஸ்காட்லாந்து கேலிக்கிலும் இப்படியே. முன்னால் உள்ள 'ன்' ஒலிதான் தடுக்கிறதா? நம் புணர்ச்சி விதிபோல இதை யாராவது விளக்க முடியுமா? அப்புறம், உச்சரிப்பைக் கேட்டுப் பழக நல்ல ஒலிப்பதிவு இருந்தாலும் சொல்லுங்கள்.