பட்டினி போட்டதால் வந்த வினை

யார்க்‌ஷயரில் எங்கள் வீட்டை ஒட்டிய நிலத்தில் வளரும் பிஸ்கட், பதினோரு வயதான ஷெட்லாண்டு மட்டக்குதிரை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே காற்றும் குளிரும் மிகுந்த தீவுகளில் அரைகுறைப் புல்லைத் தின்றே பிழைத்த இனம் என்பதால், இங்குள்ள செழும்புல் அதற்கு அன்றாட விருந்துச் சாப்பாடு ஆகிவிட்டது. மகள் வளர்ந்து சவாரியை விட்ட இரண்டே ஆண்டுகளில் பிடரி தடித்து ஒருபுறம் சாய்ந்தது. அழுத்தித் தேடினாலும் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை. குளம்புக்குள் எலும்பைத் தாங்கும் திசு அடுக்குகள் அழன்று காலை முடக்கும் லாமினைடிஸ் வந்துவிடுமோ என்று அஞ்சி, யாரையும் கேட்காமல் அதை லாயத்தில் அடைத்து, பேருக்கு ஒரு கைப்பிடிப் புல் மட்டும் போட்டேன்.

மூன்றாம் நாள் அந்தப் புல்லையும் அது முகர்ந்து பார்க்கவில்லை. கால்நடை மருத்துவர் எடுத்த இரத்தத்தைச் சற்று நேரம் குழாயில் நிறுத்தி வைத்தபோது, மேலே தெளிந்து நிற்க வேண்டிய மஞ்சள் நீர் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. தீவனம் திடீரென்று குறைந்தால் உடற்கொழுப்பு மொத்தமாகக் கரைந்து இரத்தத்தில் இறங்கிக் கல்லீரலைக் கெடுக்கும் என்றும், கொழுத்த மட்டக்குதிரைகளும் கழுதைகளும் இதில் மாண்டுபோவதுண்டு என்றும் அவர் சொன்னார். நான்கு நாட்கள் மூக்கு வழியே குழாய் விட்டு ஆகாரம் புகட்டித்தான் அதை மீட்டார்கள்.

உடம்பு தேறிய பிறகு, அவர் சொற்படி கணக்காகச் செய்தோம். உடல் எடையில் 1.5 சதவீதம் உலர் தீவனம் என்ற கணக்கில், 238 கிலோ எடைக்கு ஈரப்பதமும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 4 கிலோ காய்ந்த புல் (நம் ஊர் வைக்கோல் அன்று, புல்லையே அறுத்து உலர்த்தியது). அதைத் தூக்குத் தராசில் நிறுத்து, சர்க்கரை கரைந்து வெளியேறத் தண்ணீரில் ஊறவைத்து, தேநீர் நிறத்தில் இறங்கிய நீரைக் கொட்டிவிட்டு, சிறுகண் வலைப்பையில் நான்கு வேளையாகக் கொடுத்தோம். ஊறலோடு தாதுக்களும் போய்விடுவதால், தாதும் புரதமும் அடங்கிய தீவனம் ஒரு கோப்பை தனியே. மேய விடும்போது வாய்க்கூடை. களத்தில் போரடிக்கும் மாடுகளுக்கு என் தாத்தா கட்டிய அதே பொருளை இங்கே அடியில் துளையிட்டு விற்கிறார்கள். முதல் வாரத்தில் பிஸ்கட் அதை வேலிக் கம்பத்தில் தேய்த்தே மூன்று முறை கழற்றிவிட்டது. லாமினைடிஸின் அறிகுறியான சூடு குளம்பில் இல்லை என்று உறுதியான பிறகு, தினமும் 40 நிமிடம் கயிற்றில் பிடித்து நடத்தினேன்.

ஞாயிறுதோறும் எடை நாடாவை, அதாவது மார்புச் சுற்றளவை வைத்து எடையைக் காட்டும் அளவுநாடாவை, அதன் உடம்பில் சுற்றிப் பார்ப்பேன். அது காட்டும் எண் துல்லியமானதன்று, ஆனால் ஒரே ஆள் ஒரே இடத்தில் சுற்றினால் ஏற்ற இறக்கம் தெரியும். வாரத்துக்கு ஒரு கிலோ அளவில்தான் இறங்கியது, நடுவே மூன்று வாரம் அசையவே இல்லை. புல்லை இன்னும் கொஞ்சம் குறைக்கலாமே என்று மனைவி கேட்டபோது, அந்த வெளுத்த இரத்தத்தை நினைத்துக்கொண்டு மறுத்துவிட்டேன். ஏழு மாதத்தில் 205 கிலோ. பிடரி இன்னும் தடிப்பாகவே இருக்கிறது. விலா எலும்புகளை இப்போது விரல் வைத்து எண்ண முடிகிறது.